ஜீப்பின் இடது விலா

அத்தியாயம் 6

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் திருடன் அகப்படாவிட்டால் காளியாயி தன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நாங்கள் ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அதே சனிக்கிழமை காலை எட்டரை மணி.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் துப்பறியும் ஞானசுந்தரி. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் விபத்து மனுக்களைப் படித்துப் படித்து, மனிதர்கள் எந்த வரியில் பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள் என்று கண்டுகொண்டவர். இன்னொருவன் நான், முருகேசன். சேலத்தில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் அடித்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். அந்த வாயை நம்பித்தான் அக்கா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுகிற மும்முரத்தில் சாட்சிகள் உண்மையை உளறிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

எங்களை வரவழைத்தவர் காப்பி எஸ்டேட் முதலாளி தங்கராஜ். குடியிருப்பு சேலத்தில். எஸ்டேட்டுக்கு வருவது வாரத்தில் இரண்டு நாள், அதுவும் காலைப் பலகாரம் முடிந்து வெயில் ஏறிய பிறகு. முந்தின நாள் நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்ததால் பங்களாவிலேயே தங்கி, வராந்தாவில் ஈஸிசேரில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டைக்குக் கீழே இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி எட்டிப் பார்த்தது.

"இடுப்புக்கு என்னாச்சுங்க?" என்றேன்.

"சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன் தம்பி. குகைக்குள்ள குனிஞ்சு போகோணுமல்ல? புடிச்சுக்கிச்சு."

"அவ்வளவு குனிஞ்சீங்கன்னா சாமிகிட்ட நொம்பப் பெருசா ஏதோ கேட்டிருப்பீங்க."

அக்கா என் காலை மிதித்தார். பிறகு குறிப்பு நோட்டைத் திறந்து, "விஷயத்தைச் சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் ஆட்களைக் கூப்பிடுகிற மஸ்டர் மணி பத்து நாளாகக் காணோம். அதை அடிக்கிற பொறுப்பு காளியாயியுடையது. திருவிழா அன்று போனது, திரும்பவில்லை.

"அவதான் பழைய இரும்புக் கடைக்கு வித்திருக்கோணும்" என்றார் தங்கராஜ். "நான் எல்லாருக்கும் முன்னாடி ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டேன். மணிய எடுத்தவங்க யாரா இருந்தாலும் சரி, சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிரோணும். அதுல மறுபேச்சு இல்ல."

"அவங்கதான்னு உங்களுக்கே தெரிஞ்சா நாங்க எதுக்கு?"

"சாட்சியில்லாம அனுப்புனா ஆளுங்க வேலைக்கு வராம நின்னுக்குவாங்கன்னு ரைட்டரு பயப்படறாரு. வித்த கடை எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்தியானம் பங்களாவுலயே பிரியாணி."

வழக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"மணி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் அக்கா.

"எப்படின்னா?"

"நீளமா, வட்டமா?"

தங்கராஜ் இரண்டு கைகளையும் அகட்டினார். கொஞ்சம் குறுக்கினார். காற்றில் ஒரு பூசணிக்காயைத் தடவிப் பார்க்கிறவர்போல் இருந்துவிட்டு, எரிச்சலுடன் கைகளைக் கீழே போட்டார். "இரும்புங்க. மத்ததெல்லாம் ரைட்டரக் கேளுங்க."

அக்கா நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நீளமா வட்டமா தெரியாது' என்று இருந்தது. இதையெல்லாம் எழுதி வைத்தால் துப்பு எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரைட்டர் வேலுசாமி பலா மரத்தடியில் கழுத்தில் மப்ளர் சுற்றி நின்றிருந்தார். எஸ்டேட் கணக்கும் ஆள் மேய்ப்பும் அவர் வேலை. பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பத்து நாளா என்ற தொண்டைதானுங்க மஸ்டர் மணி" என்றார். "காலையில ஆறு மணிக்கு லயன் லயனாப் போயிக் கத்தறேன். அப்புறம் மத்தியானச் சோத்துக்கு ஒருக்கா. சாயங்காலம் ஊட்டுக்குப் போறதுக்கு ஒருக்கா. கோழியெல்லாம் என்னையப் பாத்து மொறைக்குதுங்க."

மணி என்றது அஞ்சடி நீளப் பழைய தண்டவாளத் துண்டு. டிராலி ஓடுகிற சின்ன ரகம், ஒரு மூட்டை கனம். ஒரு முனையில் ஓட்டை போட்டுப் பலா மரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்களாம். சுத்தியலால் ஒன்று போட்டால் மூன்று சரிவுக்கும் கேட்குமாம். இப்போது மரத்தில் சங்கிலி மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்துக்குங்க, சங்கிலி அறுபடவே இல்ல" என்றார் ரைட்டர். "வெளியாளு திருடுனா அறுத்துட்டுல்ல போவான்? பொறுமையாக் கழட்டியிருக்குது. அதுதானுங்க முதலாளி சொல்ற சாட்சி."

"கழட்டுனது நாந்தானுங்க, அம்மணி."

குரல் பின்னாலிருந்து வந்தது. காளியாயிக்கு ஐம்பது வயது இருக்கும். பலா மரத்துக்கு எதிரே, வேலையாட்கள் குடியிருக்கும் லயன் வரிசையில் முதல் வீடு அவருடையது. வாசலில் ஒரு பித்தளைத் தவலை, இரண்டு அலுமினியக் குண்டா, சுருட்டிய பாய், துணி மூட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. முதலாளி சொன்னபடி காலையிலேயே சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

"எதுக்குக் கழட்டுனீங்க?" என்றார் அக்கா.

"வருஷா வருஷம் திருவிழா அன்னிக்கு எறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பனுங்க. ரெண்டு கல்லு மேல காய வெச்சுட்டுக் கோயிலுக்குப் போயிருவேன். சாமி கும்பிட்டு வந்து, மஞ்சப் பூசி, பூ வெச்சு மறுபடி ஏத்தறது வழக்கம். வருஷம் பூராச் சத்தம் போடுதல்லங்க, அதுக்கும் ஒரு நாளு லீவு வேணுமல்ல? இந்த வருஷம் வந்து பாத்தா கல்லு ரெண்டும் அப்படியே கெடக்குது. மணியக் காணோம்."

"அன்னிக்கு எஸ்டேட்ல யார் இருந்தாங்க?"

"காக்கா குருவி இல்லீங்க. எல்லாருமே கோயிலுக்கு வந்துட்டாங்க."

காளியாயியிடம் கைக்கடிகாரம் கிடையாது. வாழவந்தியிலிருந்து வருகிற முதல் பஸ் ஓடை வளைவில் ஹாரன் அடித்தால் ஆறு மணி என்று வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக மணி அடித்திருக்கிறார். ஒரு பஸ்ஸை நம்பி ஒருத்தர் மணி அடிக்கிறார் என்று எங்கள் டிப்போவில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"இந்த ஊட்ட உட்டா எனக்கு வேற ஊடு இல்லீங்க, சாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அதுகூடப் பரவாயில்ல. மணிய வித்தவன்னு சொல்றாங்களே, அதுதான் தாங்க முடியல."

பிரியாணி ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பாதி போய்விட்டது.

ரைட்டருக்கு வேறு கவலை. "மணி போனதுகூடப் பெருசில்லீங்கம்மா. மணி போன பொறவும் ஆளுங்களுக்கு மணி கேக்குது. போன திங்கக்கிழமை பதினோரு மணிக்கே களக்கொத்தக் கீழ போட்டுட்டுச் சோத்துக்கு எறங்கிட்டாங்க. புதங்கிழமை மூணே காலுக்கே ஊட்டுக்குக் கிளம்பிட்டாங்க. கேட்டா, மணி அடிச்சுதுன்னு சத்தியம் பண்றாங்க. எனக்கு என்னமோ இது மணியோட ஆவின்னு தோணுது."

"ஆவி வர்றதுக்கு அது என்ன இட்லிப் பானையா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. சட்டென்று நிமிர்ந்தவர், "சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சாம்?" என்றார்.

"ஓடைப் பக்கம், பாறைப் பாதையில இருந்துன்னு சொல்றாங்க."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும் அங்க இருந்துதானுங்க."

"முருகேசா, கிளம்பு" என்றார் அக்கா. "இந்த ஆவி நேரம் தவறுது. இடம் தவற மாட்டேங்குது. நேரம் தவறி, ஒரே வழியில வர்றது என்ன சொல்லு?"

"எங்க டவுன் பஸ்ஸுங்க."

"அதேதான். ஏதோ ஒரு வண்டி."

ஓடையை ஒட்டிய சரிவில் முப்பது பெண்கள் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். வெள்ளையம்மாள் என்ற பெண் எனக்குக் கொஞ்சம் நெல்லிக்காய் கொடுத்து, மணி கேட்டது நிஜம், தன் காது பொய் சொல்லாது, ரைட்டர்தான் பொய் சொல்லுவார் என்று விளக்கினாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாழவந்திப் பக்கமிருந்து ஒரு ஜீப் எரு மூட்டைகளுடன் உறுமிக்கொண்டு வந்தது. பாறைப் பாதை என்பது பேருக்குத்தான் பாதை. யானை முதுகு மாதிரி ஒரு பாறை நடுவில் படுத்திருக்கும். வண்டி அதன்மேல் ஏறி, இடது பக்கம் சாய்ந்து, விலா தேய இறங்கியது.

'டொய்ய்ங்ங்!'

சுத்தமான மணிச் சத்தம். சரிவு முழுக்கப் போய் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முப்பது களைக்கொத்தும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. பெண்கள் தலைத்துணியை உதறித் தூக்குப் பாத்திரங்களைத் தேட ஆரம்பித்தார்கள். மேட்டிலிருந்து ரைட்டர் இரண்டு கையையும் ஆட்டி, "பத்துதான்! பத்துதான் ஆவுது!" என்று கத்துவது தெரிந்தது. தொண்டை இல்லாததால் அவர் ஏதோ நாட்டியம் ஆடுவதாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

அக்கா அதற்குள் ஓடிப்போய் ஜீப்பின் பக்கத்தில், பட்டுக் கரை போட்ட புடவையோடு, மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டார். டிரைவர் பதறி இறங்கினார்.

"ஐயோ, அம்மா மேல ஏத்திட்டனா?"

"நீங்க ஏத்தலீங்க. அவங்களாப் போய்ப் படுத்துக்கிட்டாங்க" என்று சமாதானம் சொன்னேன்.

டிரைவர் பெயர் சித்தன், வாழவந்திக்காரர். வண்டி தங்கராஜ் முதலாளியுடையது. அதன் இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒவ்வொரு இரும்பு நீளமாக ஓடியது. வலது பக்கத்து இரும்பு உருண்டை. இடது பக்கத்து இரும்பு உருண்டையாக இல்லை. அடி தட்டை, இடுப்பு ஒடுங்கல், தலை தடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புப் பெயின்ட்டு, அதற்கு மேலே சேறு.

"என்னங்க இது?"

"சைடு பம்பருங்க" என்றார் சித்தன் பெருமையாக. "இந்தப் பாறை கதவுக்குக் கீழ இருக்கற தகட்டத் தகரடப்பா மாதிரி நசுக்கிப்போடுங்க. இப்ப நசுக்கட்டும் பாக்கலாம். இரும்பு மேல சறுக்கிக்கிட்டு வண்டி பாட்டுக்கு எறங்கிருது. ஒண்டிக்கடை பெருமாள் மெக்கானிக்கு கை வேலை."

"எப்ப மாட்டுனது?"

"திருவிழா சமயத்துலீங்க. நான் அஞ்சு நாள் லீவு, கோயில்ல எங்க ஊரு முறை. திரும்பி வந்து பாத்தா வண்டி இப்படி நிக்குது."

"இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"உள்ள ஒக்காந்து பாருங்கம்மா. இந்த எஞ்சின் போடற கூச்சலுக்கு எனக்கு இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். நான் அவர் காதோரம் போய், "அக்கா, முடிஞ்சுது கதை. இடது பக்கம் இருக்கறதுதான் மணி. திருடன் அந்த மெக்கானிக்கு. வாங்க, சாப்பிடப் போகலாம்" என்றேன்.

"மணி கிடைச்சுது. திருடன் கிடைக்கல" என்றார் அவர் மெதுவாக. "இப்படியே போய்ச் சொன்னா தங்கராஜ் என்ன சொல்லுவார்? இரும்புக் கடைக்கு வித்தாள்னு சொன்னதை மாத்தி, மெக்கானிக்குக்கு வித்தாள்னு சொல்லுவார். காளியாயி அப்பவும் வெளியதான். இரும்பு மெக்கானிக் கைக்கு எப்படிப் போச்சுன்னு தெரியோணும். ரெண்டு மணி நேரம் இருக்கு."

திருட்டுப் பொருள்மேலேயே ஏறி உட்கார்ந்து துப்புத் துலக்கப் போனது எங்கள் தொழிலில் அதுதான் முதல் தடவை.

ஒண்டிக்கடை என்ற இடத்தில் பெருமாளின் பட்டறை டீக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே இருந்தது. சித்தனை டீ குடிக்க அனுப்பிவிட்டு அக்கா உள்ளே போனார், நான் கையில் ஒரு டீயோடு பின்னால் போனேன். தனக்கு ஒரு ஜீப் இருப்பதாகவும், அதற்கும் இதேபோல் செய்ய வேண்டும் என்றும் ஆரம்பித்தார். அவ்வளவுதான். பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளின் அருமை பேசுகிற தகப்பனாக மாறிப்போனார்.

"ஏனுங்கம்மா, வண்டிக்கு முன்னாடி பம்பர் இருக்குது, பின்னாடி பம்பர் இருக்குது. பாறை என்ன சொல்லிக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும்தான் இடிக்குதா? விலாவுல இடிக்குது! விலாவுக்கு எவன் பம்பர் வெச்சான்? நான் வெச்சேன்."

"வெல்டு வெச்சுட்டீங்களா?"

"வெக்கல. ஏன்னு கேளுங்க."

"ஏன்?" என்றேன்.

"நீ கேக்காத தம்பி, அம்மா கேக்கட்டும்."

"ஏனுங்க?" என்றார் அக்கா.

"வருஷம் ஒருக்கா வண்டி எஃப்.சி.க்குப் போகோணும். அங்க ஆபீசரு இது என்ன அதிகப்படி இரும்புன்னு கேட்டா? அதுக்குத்தான் போல்ட்டு. கழட்டி வெச்சுட்டுப் போ, வந்து மாட்டிக்க. அரை மணி நேர வேலை."

"அப்ப வண்டியோட அடிச்சட்டத்துல, சேஸ்ல, ஓட்டை போட்டிருப்பீங்க."

பெருமாள் காதைப் பொத்திக்கொண்டார். "சேஸ்ல ஓட்டை போடறவன் மெக்கானிக்கு இல்லீங்க, கரையான். ஓட்டை போட்ட எடத்துல நாளைக்கு விரிசல் உடும். நான் சேஸுக்கு உள்பக்கம் ஒரு தகடு, வெளிப்பக்கம் ஒரு தகடு வெச்சு, மேலயும் கீழயும் போல்ட்டுப் போட்டுக் கட்டிப் புடிச்சிருக்கறேன். அந்தத் தகட்டுல இருந்து ஒரு கை நீட்டி, கையில இரும்ப மாட்டியிருக்குது. ஒரு பக்கத்துக்கு ரெண்டு கை. இரும்பும் இரும்பும் சேர்ற எடத்துல எல்லாம் லாரி டயர அறுத்து ரப்பர் குடுத்திருக்கறேன். இரும்போட இரும்பு நேரா ஒட்டக்கூடாதுங்க. ஒட்டுனா அதிர்ற அதிர்ச்சியில நட்டு கழண்டுக்கும்."

அக்கா முகத்தில் பௌர்ணமி தெரிந்தது. "அதனாலதான் பாடுது" என்றார் என்னிடம். "தொங்கற இரும்பு பாடும். இறுக்கிப் புடிச்ச இரும்பு முனகும். இவரு ரப்பர் வெச்சு அதை மறுபடியும் தொங்க உட்டுட்டார்."

பெருமாள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டார்.

"வலது பக்கம் குழாய், இடது பக்கம் தண்டவாளம். ஏன் ரெண்டும் ஒண்ணா இல்ல?"

"வலது பக்கம் போர் போடற பைப்புங்க, என்கிட்ட ஒரு துண்டு கெடந்துச்சு. இடது பக்கத்துக்கு எஸ்டேட்ல ஏதாச்சும் பழைய இரும்பு இருந்தாக் கொண்டாங்கன்னு சொன்னேன். அன்னிக்கே வண்டியில போட்டு வந்துச்சு. ஆனா ஒண்ணுங்கம்மா, பழைய இரும்புன்னு பேரு. ஒரு பொட்டுத் துரு இல்ல! பாத்திரக் கடையில இருந்து வந்தாப்புல மின்னுது. கிட்டப் போனா லேசாப் புளி வாசனை வேற. எனக்கு எமரித் தாள் போட்டுத் தேய்க்கற வேலை மிச்சம். ஒரு முனையில ஓட்டையும் ஏற்கெனவே இருந்துச்சா, அங்கயே போல்ட்ட உட்டுட்டேன். அதுவும் மிச்சம்."

"டிரைவர் சித்தன்தான் கொண்டுவந்தாரா?"

"அவரு எங்கீங்க? கோயில்ல இருந்தாரு. பாவமுங்க, இந்தக் கனத்த ஒத்த ஆளாத் தூக்கி வண்டியில போட்டு, தானே ஓட்டிக்கிட்டு வந்து, எறங்கறப்பவே இடுப்பப் புடிச்சுக்கிட்டு எறங்குனாரு. நான்தான் பக்கத்துக் கடையில பெரிய பிளாஸ்திரியா வாங்கி ஒட்டி உட்டேன்."

என் கையிலிருந்த டீ டம்ளர் பெருமாளின் ஸ்பானர் பெட்டிக்குள் விழுந்தது.

"யாருக்கு ஒட்டுனீங்க?" என்றேன்.

"என்ன தம்பி இப்படிக் கேக்கற? தங்கராஜ் முதலாளிக்குத்தான். அவரு வண்டிக்கு வேற எவன் இடுப்ப ஒடிச்சுக்குவான்?"

திரும்புகிற வழியில் சித்தன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நாங்கள் தலையோடு தலை வைத்துப் பேசினோம். எஞ்சின் சத்தத்தில் எங்கள் பேச்சு எங்களுக்கே பாதிதான் கேட்டது.

"திருடனே நம்மளக் கூப்பிட்டுத் திருடனப் புடிக்கச் சொன்னானா அக்கா? என்ன நெஞ்சழுத்தம்!"

"நெஞ்சழுத்தம் இல்ல, அறியாமை. எடுத்தது மணின்னு அந்த மனுஷனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீளமா வட்டமான்னு கேட்டேனே, என்ன செஞ்சார்? காத்துல பூசணிக்காய் காட்டுனார். சொந்த எஸ்டேட் மணியக் கண்ணால பாத்ததே இல்ல. குகைக் கதை சொன்னது, இரும்பத் தூக்கி இடுப்பப் புடிச்சுக்கிட்டதச் சொல்ல வெக்கப்பட்டு."

"தினம் மூணு தடவ அடிக்குதே!"

"பங்களாவுல இருந்தா காதுல விழும். யாரோ அடிக்கறாங்க, எதையோ அடிக்கறாங்க. ஆறு மணிக்குப் பலா மரத்தடிக்கு வந்து நிக்கற வேலை ஆளுங்களுக்குத்தானே, அவருக்கு என்ன? வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் அது மரத்துல இல்லாம தரையில இருக்கும். அந்த ஒரு நாள் அவர் கண்ணுல பட்டிருக்கு. பழைய இரும்புன்னு தூக்கிப் போட்டுட்டார். மறுநாள் மணியக் காணோம்னு ரைட்டர் சொன்னதும், அவருக்கு அது வேற, இது வேற."

"அப்ப பிரியாணி?"

"மறந்துடு."

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஜீப் பலா மரத்தடியில் நின்றது. தங்கராஜ் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ரைட்டர். லயன் வாசலில், தவலைக்குப் பக்கத்தில், காளியாயி எழுந்து நின்றார்.

"கடையக் கண்டுபிடிச்சாச்சா?" என்றார் தங்கராஜ்.

"கடையே இல்லீங்க. உங்க மணி இப்ப இங்கதான் இருக்கு" என்றார் அக்கா. "காளியாயி, உங்க சுத்தியல எடுத்துட்டு வாங்க. இந்த ஜீப்புக்கு இடது பக்கம், கதவுக்குக் கீழ, ஓங்கி ஒண்ணு போடுங்க."

"ஏய், ஏய்! பெயின்ட்டு!" என்று பாய்ந்தார் தங்கராஜ். அவருக்கு முன்னால் நான் போய் நின்றுகொண்டேன். பஸ்ஸில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற பழக்கம் இப்படித்தான் கைகொடுக்கும்.

காளியாயி அடித்தார்.

மூன்று சரிவுக்கும் கேட்டது. அவருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சேற்றைத் துடைத்து, பெயின்ட்டை நகத்தால் சுரண்டி, இரும்பில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் அடி விழுந்து கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழிந்திருந்தது. "இதுதானுங்க அம்மணி, இதுதானுங்க" என்றார். கண்ணைத் துடைத்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், தூசி என்று சொல்லவில்லை.

அதற்குள் சரிவுகளிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பத்து நாளில் முதல் தடவையாகச் சரியாகச் சோற்று நேரத்துக்கு மணி அடித்திருக்கிறதே! முன்னால் வந்தது வெள்ளையம்மாள். வட்டமாகக் கூட்டம் சேர்ந்தது.

தங்கராஜின் முகம் சிவந்துவிட்டது. "அடேய் சித்தா! என்ற வண்டியிலயே திருட்டுச் சாமானா? நான் குடுத்த இரும்பக் கழட்டிட்டு எவன்டா இத மாட்டுனது?"

"எனக்கென்னங்க முதலாளி தெரியும்? நான் லீவுலல்ல இருந்தேன்" என்றார் சித்தன்.

"அவரைக் கேக்காதீங்க" என்றார் அக்கா. "இடது பக்கத்துக்கு ஒரு இரும்பு வேணும்னு பெருமாள் மெக்கானிக் கேட்டாரே, அதை எங்க இருந்து எடுத்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது வேற. அது இங்கதான், இதே மரத்தடியில ரெண்டு கல்லு மேல சும்மா கெடந்துச்சு. பழைய இரும்பு வீணாப் போகுதேன்னு நான்தான் தூக்கி வண்டியில..."

நிறுத்திவிட்டார்.

காற்றில் காலிச் சங்கிலி ஆடியது. தங்கராஜ் மரத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். ஜீப்பின் இடது பக்கத்தை, வாங்கியதிலிருந்து முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல, நிதானமாகப் பார்த்தார். ரைட்டர் மப்ளரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே சிரித்தாரா அழுதாரா தெரியாது, தோள் குலுங்கியது.

காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க முதலாளி. எடுத்தவங்க யாரா இருந்தாலும் இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு ஊட்டக் காலி பண்ணோணும், மறுபேச்சு இல்லைன்னு சொன்னீங்களே. நீங்க எந்த ஊட்டக் காலி பண்ணப் போறீங்க? பங்களாவையா, சேலத்து ஊட்டையா?"

முதலில் வெள்ளையம்மாள் சிரித்தாள். பிறகு சரிவு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை தங்கராஜ் தலையைக் குனிந்தபடி நின்றார். அந்த மனிதருக்கு ரோஷம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜீப்பில் ஏறி ஓடிவிடவில்லை.

"தப்புத்தான் காளியாயி" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே. "நான்தான் எடுத்தேன். உன்னையச் சொன்னது தப்பு. மணிய இன்னிக்கே கழட்டி மரத்துல ஏத்தச் சொல்றேன். நீ சாமானையெல்லாம் உள்ள எடுத்து வெய்யி."

காளியாயி அசையவில்லை.

"வெளிய எடுத்து வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே முதலாளி."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தங்கராஜ் அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு லயன் வாசலுக்கு நடந்து போய், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பித்தளைத் தவலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.